அடுக்களையில் ஒளித்த ஏடு: வங்கப் பெண்களின் வாசிப்பும் சமையல் நேரமும்

எளிய வீட்டுச் சமையல், சன்னலோரத்தில் ஒரு தொட்டிச்செடி, மடியில் ஒரு நூல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் இன்றைய நகரவாசிக்கு அது ஓய்வின் சித்திரம். வீடு என்பது இளைப்பாறும் இடம் என்னும் எண்ணமே அச்சித்திரத்துக்கு அடிப்படை. வீட்டுக்குள்ளேயே உழைத்தவர்களுக்கும் வீடு அவ்வாறு இருந்ததா என்று கேட்டால், மூன்றின் வரலாறும் தனித்தனியே பிரிந்துவிடுகின்றன. சமையல் கடமையாக இருந்தது. செடி கறிக்கும் பூசைக்கும் வளர்க்கப்பட்டது. வாசிப்போ பெரும்பாலான பெண்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. இம்மூன்றும் ஒரே பெண்ணின் ஒரே நாளுக்குள் எவ்வாறு இடம்பிடித்தன என்பதை ஆராய்வதற்கு 19ஆம் நூற்றாண்டு வங்கம் அரிய சான்றுகளைத் தருகிறது. அவற்றுள் தலையாயது, ராசசுந்தரி தேவி தம் வாழ்வைத் தாமே எழுதிய ‘ஆமார் ஜீபன்’ (என் வாழ்க்கை).

ராசசுந்தரி 1809இல் கிழக்கு வங்கத்தின் பாப்னா பகுதியிலுள்ள பொத்தாஜியா என்னும் ஊரில் பிறந்தார். 12 வயதில் திருமணமாகி, ராம்தியா என்னும் ஊரிலிருந்த வசதியான நிலக்கிழார் குடும்பத்துக்குச் சென்றார். மாமியார் கண்பார்வை இழந்து படுக்கையில் விழுந்ததும் வீட்டுப் பொறுப்பு முழுவதும் இளம் மருமகளின் தலையில் இறங்கியது. பணியாளர்கள் பலர் இருந்தும் அவர்கள் வெளிக்கட்டு வேலைகளுக்கு உரியவர்கள். உள்வீட்டுப் பணிக்கு அவர் ஒருவரே. ஏறத்தாழ 25 பேருக்கு நாள்தோறும் இருவேளை சமைக்க வேண்டும். குலதெய்வத்துக்குப் படையல், விருந்தினருக்கு உணவு ஆகியவை தனி. இவற்றுக்கிடையே அவர் 12 குழந்தைகளைப் பெற்றார்.

இந்த எண்களின் பொருளை உணர, அக்காலச் சமையலின் பருப்பொருளை நினைவில் கொள்ள வேண்டும். ஆற்று மீனும் சோறும் பருப்பும் கீரையுமாக அமைந்த வங்க வீட்டுணவு பார்வைக்கு எளியது. கூரையில் படரும் நீற்றுப்பூசணி, பந்தலில் தொங்கும் சுரைக்காய், வேலியோரக் கொடிப்பசலை என அதன் கறிகாய்களில் பலவும் வீட்டைச் சுற்றியே விளைந்தன. கூரையில் படர்வதாலேயே நீற்றுப்பூசணிக்கு வங்கமொழியில் ‘சால்குமடோ’, அதாவது கூரைப்பூசணி, என்று பெயர். சுரைக்காயின் தோலும் தண்டும் இலையும்கூடத் தனித்தனி உணவாயின. ஆனால் எளிய உணவு என்பது உண்பவரின் அளவுகோல். நெல்லைக் குத்திப் புடைப்பதும், அரிவாள்மணையில் காய் நறுக்குவதும், மீன் ஆய்வதும், அம்மியில் மசாலை அரைப்பதும், விறகின் புகையில் உலை காப்பதும் பெண்களின் பகற்பொழுதை முழுவதுமாக விழுங்கின. வீணாக்காத சிக்கனம் என்று இன்று போற்றப்படும் அந்தத் தோல்கறிகளுக்கும் கூடுதலாக ஒரு பெண்ணின் நேரம் தேவைப்பட்டது.

ஆமார் ஜீபனில் உணவைப் பற்றி வரும் மறக்கவொண்ணாத பகுதி, உண்ணாமற்போனதைப் பற்றியது. எல்லோரும் உண்டபின் ராசசுந்தரி தம் சோற்றை எடுத்துவைத்து அமர்கிறார். விருந்தாளி ஒருவர் வந்துவிட, அந்தச் சோறு அவருக்குப் போகிறது. இரவில் மீண்டும் உண்ண முயலும்போது குழந்தை விழித்து அழுகிறது. அந்த வேளையும் தவறுகிறது. இவ்வாறு சோறு நிறைந்த வீட்டில் இரண்டு நாள் அவர் பட்டினி கிடந்தார். வீட்டில் எவருக்கும் அது தெரியாது. அவரும் எவரிடமும் சொல்லவில்லை. உண்பதற்கே நேரமில்லாத ஒருவர் வாசிப்பதற்கு நேரத்தை எங்கிருந்து எடுத்தார் என்பதே அந்நூல் எழுப்பும் வரலாற்று வினா.

அதன் விடை அவருடைய குழந்தைப் பருவத்தில் தொடங்குகிறது. பிறந்த வீட்டின் வெளிக்கட்டில் சிறுவர்களுக்கான பள்ளி ஒன்று நடந்தது. பாதுகாப்புக் கருதி எட்டு வயதுச் சிறுமியான அவரையும் அங்கே உட்கார வைத்தனர். அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை. சிறுவர்கள் உரக்கச் சொன்ன எழுத்துகள் செவிவழியே மனத்தில் தங்கின. பின்னர் தீவிபத்தில் வீடு எரிந்தது, பள்ளியும் நின்றுபோனது. ஏறத்தாழ 25 வயதில், சைதன்ய பாகவதத்தைத் தாமே படிக்க வேண்டும் என்னும் வேட்கை அவரைப் பற்றியது. அந்நூலைப் படிப்பதுபோல் ஒரு கனவும் கண்டார். மறுநாள் கணவர் அந்தச் சுவடியை மகனிடம் காட்டிப் பேசியது அடுக்களையில் இருந்தவர் காதில் விழுந்தது. எவரும் இல்லாத வேளையில் அதிலிருந்து ஓர் ஏட்டை உருவி அடுக்களையில் ஒளித்துவைத்தார். மூத்த மகன் எழுதிப் பழகிய பனையோலை ஒன்றையும் எடுத்துக்கொண்டார்.

அவர் எழுத்தறிந்த முறை, வழக்கொழிந்த எழுத்துகளைப் படித்தறியும் கல்வெட்டு ஆய்வாளரின் முறையை ஒத்தது. சுவடியின் ஏட்டில் ஓர் எழுத்து. மகனின் ஓலையில் அதே எழுத்தின் வேறொரு வடிவம். இரண்டுக்கும் ஒலி கொடுக்கச் சிறுவயதில் கேட்ட பாடத்தின் நினைவு. சமைத்துக்கொண்டே, இடக்கையில் ஏட்டைப் பிடித்து, முக்காட்டின் மறைவில் இவற்றை ஒப்பிட்டார். ஓர் எழுத்தைப் பார்த்துவிட்டு ஏட்டை மறைத்து, அதன் வடிவத்தை மனத்தில் வைத்துக்கொண்டே அடுத்த வேலையைச் செய்தார். இவ்வாறு நெடுங்காலம் முயன்ற பிறகே அவரால் சைதன்ய பாகவதத்தைப் படிக்க முடிந்தது.

ஏட்டை ஒளிக்க அவர் அடுக்களையைத் தேர்ந்தது தற்செயலன்று. பெரிய வீட்டின் எல்லா அறைகளுள்ளும் ஆண்கள் மிகக் குறைவாக நுழைந்த இடம் அது. அவரைச் சிறைப்படுத்திய அதே ஒழுங்குமுறை அவர் ஏட்டுக்குக் காவலாகவும் அமைந்தது. படிக்கக் கற்று நெடுநாள் கழித்தே அவர் எழுதக் கற்றார் என்பதையும் இதனோடு சேர்த்தே விளங்கிக்கொள்ள வேண்டும். தாள், மை, எழுதுகோல், உட்கார ஓர் இடம், தொடர்ச்சியான நேரம் ஆகியவற்றை எழுத்து கேட்கும். அவற்றை முக்காட்டில் மறைக்க இயலாது. கல்கத்தாவில் படித்த மகன் தன் கடிதங்களுக்கு விடையில்லை என்று வருந்தி எழுதுபொருள்களைக் கொடுத்த பின்னரே அது கைகூடியது.

அவருடைய அச்சம் வெறும் கூச்சத்தால் வந்ததன்று. வங்கக் கல்விநிலையைப் பற்றி வில்லியம் ஆடம் 1835 முதல் 1838 வரை அளித்த அறிக்கைகளில், எழுத்தறிந்த பெண் திருமணத்துக்குப்பின் விரைவில் கைம்பெண் ஆவாள் என்னும் நம்பிக்கை பரவலாக இருந்ததைப் பதிவு செய்துள்ளார். ஏறத்தாழ அந்த ஆண்டுகளில்தான் ராசசுந்தரி ராம்தியாவின் புகையில் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார். உயர்சாதி வங்கக் குடும்பத்தில் கைம்மை என்பது உணவிலும் விழுந்த தண்டனை. மீன், இறைச்சி, வெங்காயம், பூண்டு, மைசூர்ப் பருப்பு ஆகியவை விலக்கப்பட்டன, ஏகாதசியன்று முழுப்பட்டினி. ஆகவே அந்த நம்பிக்கை, படித்தால் உன் தட்டிலிருந்து சோறு குறையும் என்னும் மிரட்டலாகவும் இயங்கியது. ராசசுந்தரி எழுத்தறிந்த பின்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் கணவர் வாழ்ந்தார். அவர் கைம்பெண் ஆனது அறுபதை ஒட்டிய வயதில். தன்வரலாற்றின் முதல் வடிவத்தை எழுதியதும் ஏறத்தாழ அதே பருவத்தில்தான். 88 வயதில், 1897இல், அதை விரிவாக்கினார். வங்கமொழியில் எழுந்த முதல் தன்வரலாறு என்று அது போற்றப்படுகிறது.

இதற்கிடையே கல்கத்தாவில் வாசிப்பின் நிலைமை மாறிவந்தது. பட்தலா அச்சகங்களின் மலிவுப் பதிப்புகள் கூடைக்காரர் வழியே உள்வீடுகளை எட்டின. 1863இல் ‘பாமாபோதினி பத்ரிகா’ பெண்களுக்கென்றே தொடங்கப்பட்டது. பெண் படிப்பது மெல்ல ஏற்கப்பட்டது. ஆனால் எதைப் படிப்பது என்பதற்கு நிபந்தனை இருந்தது. வீட்டு மேலாண்மை, குழந்தை வளர்ப்பு, உடல்நலம், ஒழுக்கம் ஆகியவை பயனுள்ள வாசிப்பு எனப்பட்டன. பொழுதுபோக்குக்கு நாவல் படிக்கும் மனைவியோ எள்ளல் நாடகங்களில் நகைப்புக்குரிய பாத்திரம் ஆனாள். பெண்ணின் கல்வியைவிட, கணக்குக் காட்ட வேண்டாத அவளுடைய ஓய்வுநேரமே சமூகத்தை அதிகம் உறுத்தியது.

பயனுள்ள வாசிப்பின் உச்சம் சமையல் நூல். வங்கமொழியின் தொடக்கக்காலச் சமையல் நூல்களை ஆண்களே எழுதினர். 1831இல் வெளியான ‘பாக ராஜேஸ்வர்’ அவற்றுள் முந்தியது. 1880களில் விப்ரதாஸ் முகோபாத்யாயின் ‘பாக் பிரணாளி’ வந்தது. தலைமுறைகளாகப் பெண்களின் கையில் இருந்த அறிவு, ஆண்களால் எழுதப்பட்டுப் பெண்களுக்கே பாடமாகத் திரும்பியது. இந்நிலையை மாற்றியவருள் முக்கியமானவர் பிரஜ்ஞாசுந்தரி தேவி. தேவேந்திரநாத் தாகூரின் பேத்தியும் அசாமிய எழுத்தாளர் லட்சுமிநாத் பேஜ்பருவாவின் மனைவியுமான இவர் ‘புண்யா’ இதழை நடத்தினார். 1900ஐ ஒட்டி வெளிவரத் தொடங்கிய அவருடைய ‘ஆமிஷ் ஓ நிராமிஷ் ஆஹார்’ (அசைவ, சைவ உணவு) எளிய கறிகளையும் விருந்துணவையும் முறைப்படுத்தித் தொகுத்தது. அடுக்களையில் ஏட்டை ஒளித்த பெண்ணிலிருந்து, அடுக்களையையே ஏடாக்கிய பெண்ணுக்கு வங்கம் ஏறத்தாழ 65 ஆண்டுகளில் வந்து சேர்ந்தது.

இதை நேர்கோட்டு முன்னேற்றமாகக் கொள்வதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. வசதி படைத்த நகரக் குடும்பத்துப் பெண்கள் படிக்கவும் எழுதவும் பெற்ற நேரத்தில் ஒரு பகுதி, சமையலுக்கு அமர்த்தப்பட்டவர்களாலும் பணிப்பெண்களாலும் ஈடுசெய்யப்பட்டது. கூட்டுக்குடும்பத்தில் மாமியார் பெற்ற ஓய்வு இளைய மருமகளின் உழைப்பாயிற்று. ஓய்வு புதிதாகத் தோன்றவில்லை. சுமைதான் வேறு கைக்குச் சென்றது. அந்தக் கைகள் எழுதிய தன்வரலாறு அரிது என்பதால், வாசிப்பின் வரலாற்றில் அவை கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

இச்சிக்கலை நேருக்கு நேர் எதிர்கொண்டவர் ரொக்கேயா சகாவத் ஹுசேன். 1880இல் ரங்பூர் பகுதியின் பைராபந்தில் பிறந்தவர். பிறந்த வீட்டில் பர்தா கடுமையாகப் பின்பற்றப்பட்டது; பெண்களுக்கு வங்கமொழியும் ஆங்கிலமும் விலக்கப்பட்டிருந்தன. அண்ணன் இப்ராஹிமும் அக்கா கரீமுன்னிசாவும் அளித்த துணையால், மற்றவர்கள் உறங்கிய பின் அவர் படித்தார். ராசசுந்தரிக்கு மறைவிடமாக அடுக்களை இருந்தது. ரொக்கேயாவுக்கு இரவு இருந்தது. பின்னர் பாகல்பூரில், நீதித்துறை அலுவலரான கணவர் சுற்றுப்பயணம் சென்றிருந்தபோது, தனிமையில் பொழுதுபோக்காக ஆங்கிலத்தில் எழுதியதே ‘சுல்தானாவின் கனவு’. திரும்பிவந்த கணவர் அதை நின்றவாறே படித்து முடித்தாராம். 1905இல் அது சென்னையிலிருந்து கமலா சத்தியநாதன் நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ இதழில் வெளிவந்தது. அடுக்களையின் எதிர்காலத்தைக் கற்பனை செய்த அந்த வங்கப் பெண்ணின் ஆக்கத்துக்கு முதலில் இடமளித்தது சென்னையின் இதழொன்று.

கதையில் வரும் பெண்ணுலகத்தின் அடுக்களை அழகிய காய்கறித் தோட்டத்துக்குள் இருக்கிறது. தக்காளிச் செடியும் கொடிகளும் அணிகலனாக நிற்கின்றன. சன்னல்களைப் பூமாலைகள் அலங்கரிக்கின்றன. கரியோ புகையோ இல்லை. கதிரவனின் வெப்பத்தைக் குழாய்வழி செலுத்திச் சமைக்கிறார்கள். பெண்கள் பார்வையிட வரும்போது ஆண்கள் அடுக்களையைவிட்டு விலகிச் செல்கிறார்கள், ஏனெனில் அங்கே சமைப்பவர்கள் ஆண்களே. இக்கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட ஓய்வின் சித்திரத்துக்கு இது மிக நெருக்கமானது. ஆனால் அந்த அழகுக்கு விலை கொடுப்பவர் யார் என்பதை ரொக்கேயா மறைக்கவில்லை. இன்னொரு பெண்ணின் கைக்குச் சுமையை மாற்றாமல், அறிவியலுக்கும் ஆண்களுக்கும் அதைப் பகிர்ந்தளித்தார்.

நேரத்தைப் பற்றிய கணக்கும் அக்கதையில் உண்டு. ஓர் ஆண் நாளொன்றுக்கு 12 சுருட்டுகள் புகைக்கிறான், ஒன்று எரிய அரைமணி ஆகிறது என்றால், 6 மணிநேரம் புகையாகிறது; அலுவலகத்தின் 7 மணிநேரத்தில் உண்மையான வேலை எவ்வளவு என்று கதைமாந்தர் எள்ளுகிறார். ஆங்கிலத்தில் ரொக்கேயா ஆண்ட ‘சேரூட்’ என்னும் சொல்லின் மூலம் தமிழின் ‘சுருட்டு’ என்பது மொழியறிஞர் கருத்து. அரசாங்க நேரம், அலுவலக நேரம் என்றெல்லாம் மதிக்கப்பட்ட ஆண்களின் நேரத்தை ஒருமுறை அளந்து பார்த்தால், பெண்ணுக்கு மட்டும் ஏன் நேரமில்லை என்பது விளங்கிவிடும் என்பதே அந்த எள்ளலின் உட்கிடை.

மூவரையும் சேர்த்து நோக்கினால், அடுக்களைக்கும் வாசிப்புக்கும் இடையிலான முரணை வங்கப் பெண்கள் மூன்று வழிகளில் எதிர்கொண்டது தெளிவாகும். ராசசுந்தரி நேரத்தைத் திருடினார். பிரஜ்ஞாசுந்தரியின் தலைமுறையினர் பிறர் உழைப்பின் துணையால் அதைப் பெற்று, அடுக்களை அறிவையே நூலாக்கினர். ரொக்கேயா அதை உரிமையாகக் கேட்டுக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஆதலால் வாசிப்பின் வரலாற்றை எழுதுவோர் அச்சகம், நூலகம், பள்ளி ஆகியவற்றோடு விறகு, உலை, அரிவாள்மணை ஆகியவற்றையும் ஆவணமாகக் கொள்ள வேண்டும். எத்தனை நூல்கள் விற்றன என்பதைப் பதிப்பகக் கணக்குச் சொல்லும். அவற்றைப் படிக்க யாருக்கு வாய்த்தது என்பதை அன்று உலை வைத்தவர் யார் என்னும் கேள்விதான் சொல்லும். சன்னலோரச் செடியும் மடியில் நூலுமாக அமைந்த இன்றைய சித்திரத்திடமும் அதே கேள்வியைக் கேட்கலாம்.