தத்துவம் என்பது யாது? — மதுரை மண் காட்டும் விடை

திருக்குடமுழுக்கு விழா அழைப்பிதழை ஊன்றி நோக்கும் அன்பர்கள், வேள்விச்சாலை நிகழ்ச்சிகளின் நடுவே ‘தத்துவார்ச்சனை’ என்னும் சொல்லைக் காண்பர். சிவாசாரியர் மந்திரம் ஓதுகிறார். நாம் கைகூப்பி நிற்கிறோம். நிலம் முதல் நாதம் ஈறாகத் தத்துவங்கள் 36 எனச் சைவ நூல்கள் கணக்கிடும் என்பதும் பலர் அறிந்ததே. ஆயின், தத்துவம் என்பது யாது? அதனை ஆராயும் நெறி யாது? ஆராய்ந்தார் பெறும் பயன் யாது? இம்மூன்றும் அறிந்து வழிபடின் வழிபாடு இன்னும் சிறக்கும் அன்றோ?

‘தத்’ என்பது ‘அது’ எனப் பொருள்படும். ஆகவே, ஒரு பொருளின் உண்மைத் தன்மையே தத்துவமாம். அதனைக் கண்டறிதலை வடநூலார் ‘தரிசனம்’ என்றனர். காட்சி என்பது அதன் பொருள். கிரேக்க நாட்டார் இக்கலைக்கு ‘ஞானத்தின்பால் வைத்த அன்பு’ என்று பொருள்படும் பெயர் இட்டனர். ஒன்று காண்டலையும் மற்றொன்று காண விழையும் அன்பையும் குறிக்கின்றது.

இவ்வாராய்ச்சி நம் மதுரைக்குப் புதியதன்று. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, இந்நகரில் பௌத்தப் பள்ளியும் சமணப் பள்ளியும் அந்தணர் பள்ளியும் விளங்கிய செய்தியைக் கூறுகின்றது. கோவலனுக்கும் கண்ணகிக்கும் மதுரை வரை வழித்துணையாக வந்த கவுந்தியடிகள் சமணத் துறவியே. திருநகரினின்று நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. முருகப்பெருமான் எழுந்தருளியுள்ள பரங்குன்றத்திலேயே பழந்தமிழ் எழுத்துப் பொறித்த துறவியர் கற்படுக்கைகள் உள்ளன. அக்குன்றத்துக் குடைவரைக் கோயிலோ கி.பி. 773-இல் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் காலத்தில் அமைந்தது. ஒரே குன்றம் இரு நெறியாரையும் தாங்கி நிற்கின்றது.

“ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தப் பெருமான் அனல்வாதத்தாலும் புனல்வாதத்தாலும் வென்றருளிய பின், ஆராய்ச்சிக்கு இடம் ஏது?” என வினவுவார் உளர். அவ்வெற்றியைச் சைவ உலகம் போற்றுகின்றது, போற்றுதல் தகும். ஆயினும் வரலாறு மேலும் ஒன்றைச் சொல்கின்றது. கீழக்குயில்குடிச் சமணர் மலையில் உள்ள வட்டெழுத்துச் சாசனங்கள் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை. அவை சமண ஆசிரியர்களையும் அவர்தம் மாணாக்கரையும் குறிக்கின்றன. வாதம் நிகழ்ந்த பின்னரும் பன்னெடுங்காலம் அவர்கள் இங்கு வாழ்ந்து கற்பித்தனர் என்பது இதனால் விளங்கும். நம் பெரியோரும் பழைய வெற்றியே போதும் என்று வாளாவிருந்தாரல்லர். அங்ஙனம் இருந்திருப்பின் சித்தாந்த சாத்திரங்கள் தோன்றியிரா.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் 12 சூத்திரங்களே உடையது. முதல் மூன்றும் முப்பொருள் உண்டென நிறுவும். அடுத்த மூன்றும் அவற்றின் இயல்பு கூறும். அதன்பின் மூன்றும் சாதனம் கூறும். இறுதி மூன்றும் பயன் கூறும். மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் முறையில் ஒவ்வொன்றும் நிறுவப்படும். காண்டல், கருதல், உரை என்னும் அளவைகளே அதற்குக் கருவி. சான்றாக, உடலின் வேறாய் உயிர் உண்டு என்பதற்கு அவர் காட்டும் ஏதுக்களுள் ஒன்று, நாம் ‘எனது உடல்’ என்று வழங்குதல். ‘எனது வீடு’ என்பவன் வீடாதல் இல்லை; அதுபோல ‘எனது உடல்’ என்பவனும் உடலாதல் இல்லை. நாள்தோறும் நாம் பேசும் பேச்சிலேயே பேருண்மை ஒளிந்திருப்பதைக் காட்டுவது தத்துவத்தின் வழி.

அவர் மாணாக்கராகிய அருணந்தி சிவாசாரியர், சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பிற மதங்களை மறுக்கின்றார். ஆயின், அவர் முறையை நோக்குக. உலோகாயதன் கொள்கையாயினும், சமணர் கொள்கையாயினும் முதலில் அதனை எடுத்துரைக்கின்றார். பின்னரே மறுதலை கூறுகின்றார். எதிரியின் சொல்லைக் கேளாது மறுப்பவன் தன் கற்பனையை மறுக்கின்றானேயன்றி எதிரியை மறுத்தானாகான். இந்நேர்மை இல்வழி வாதம் பூசலாய் முடியும். சமயத்தின் பெயரால் உரத்த குரல்கள் எழும் இக்காலத்தில் நாம் மறத்தலாகாத அறம் இது.

இனிப் பயன் யாது? அருணந்தியார் முன்பு சகலாகம பண்டிதர் எனப் பெயர் பெற்றவர், மெய்கண்டாரின் குலகுரு. ஆணவத்தின் வடிவம் யாது என அவர் வினவியபோது, சிறுவராகிய மெய்கண்டார் வாய் திறவாது அவரையே ஏற இறங்க நோக்கினார் என்பது வழிவழி வரும் வரலாறு. அக்கணமே முதியவர் சிறுவரின் அடிபணிந்தார். ஆகமம் அனைத்தும் கற்றவரிடத்தும் கல்லாத ஒன்று எஞ்சியிருந்தது. தத்துவ ஆராய்ச்சியின் முடிந்த பயன் பிறரை வெல்லுதலன்று. தன்னகத்துள்ள ஆணவத்தைக் காண்டலும் அது நீங்கப் பெறுதலுமாம்.

பொருள் ஈந்து திருப்பணிக்குத் துணைநின்ற அன்பர்களே! கலசத்து நீர் விமானத்தின்மேல் சொரியும்போது நம் தலைமேலும் சில துளி தெளிக்கும். அப்போது, ‘நான் செய்தேன்’ என்னும் எண்ணத்தை அந்நீர் கழுவிச் செல்லுமாறு வேண்டுவோமாக. தத்துவார்ச்சனை நம் உள்ளத்திலும் நிறைவுறும் நாள் அதுவே. எல்லாம்வல்ல இறைவன் திருவருள் அதற்குத் துணைபுரிக.