அடையாளத் திருட்டு: ஆதார், பான் விவரங்களைப் பாதுகாப்பது எப்படி?

வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கச் செல்லும்போதுதான், தாம் வாங்காத கடன் ஒன்று தமது பெயரில் நிலுவையில் இருப்பது பலருக்குத் தெரியவருகிறது. பான் எண், ஆதார் நகல், புகைப்படம் ஆகியவை பிறர் கையில் சிக்கினால், அவற்றைக் கொண்டு செயலி வழியே கடன் பெறவும் சிம் அட்டை வாங்கவும் மோசடியாளர்கள் முயல்கின்றனர். வங்கிக் கணக்கில் பணம் எடுக்கப்பட்டால் குறுஞ்செய்தி வரும். அடையாள விவரம் களவு போகும்போது அத்தகைய எச்சரிக்கை ஏதும் வராது.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு, பிறரது மின்னணு கையொப்பம், கடவுச்சொல் அல்லது தனித்துவ அடையாள விவரத்தை மோசடியாகப் பயன்படுத்துவோருக்கு 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க வகை செய்கிறது. ஆயினும் குற்றவாளி பிடிபடும் வரை, கடன் தம்முடையது அல்ல என்று நிரூபிக்க அலைவது பாதிக்கப்பட்டவரே.

ஆதார் நகல்

தங்கும் விடுதி முதல் வாடகை வீடு வரை எங்கும் ஆதார் நகல் கேட்கப்படுகிறது. முழு எண்ணையும் தர வேண்டிய கட்டாயம் இல்லாத இடங்களில், கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் 'மறைக்கப்பட்ட ஆதார்' போதுமானது. தனித்துவ அடையாள ஆணையத்தின் இணையதளத்தில் இதை இலவசமாகப் பதிவிறக்கலாம். 2022 மே மாதம் இந்த முறையையே பின்பற்றுமாறு ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் அறிவுறுத்தியது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் எனக் கூறி மத்திய அரசு அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. எனினும் அந்த வசதி தொடர்கிறது.

மின்-ஆதார் கோப்புக்குக் கடவுச்சொல் இருப்பதால் அது பாதுகாப்பானது என்று எண்ணுவது சரியல்ல. பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததே அந்தக் கடவுச்சொல். கோப்பு கிடைத்தவருக்கு அதை ஊகிப்பது கடினமன்று. எனவே நகல் எடுக்கும் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய கோப்பை, அச்சிட்ட உடனே அங்கேயே அழிக்கச் சொல்வது நல்லது.

கைரேகைப் பூட்டு

ஆதார் வழிப் பணப் பட்டுவாடா முறையில் பணம் எடுக்க ஓடிபி தேவையில்லை. வங்கியின் பெயர், ஆதார் எண், கைரேகை ஆகியவையே போதும். கிராமப்புற முதியோருக்குப் பெரிதும் உதவும் இந்த எளிமையே மோசடிக்கும் வழிவிட்டது. பத்திரப் பதிவு ஆவணங்களில் உள்ள விரல் ரேகையைப் படியெடுத்து, சிலிக்கானில் போலி ரேகை செய்து பணம் எடுத்த கும்பல்கள் பல மாநிலங்களில் பிடிபட்டுள்ளன.

இதற்குத் தீர்வு, எம்ஆதார் செயலியிலோ ஆணையத்தின் இணையதளத்திலோ பயோமெட்ரிக் விவரங்களைப் பூட்டிவைப்பதாகும். பூட்டிய பின் யார் ரேகை வைத்தாலும் சரிபார்ப்பு நிராகரிக்கப்படும். தேவைப்படும்போது உரியவர் தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். சில நிமிடங்களில் அது தானாகவே மீண்டும் பூட்டிக்கொள்ளும். கைரேகை வைத்து ரேஷன் பொருள் வாங்குவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற 6 மாத விவரத்தையும் அதே தளத்தில் காணலாம்.

கடன் அறிக்கையும் சிம் அட்டையும்

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் ஆகிய 4 நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு கடன் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மூன்று மாதங்களுக்கு ஒன்றாக இவற்றைப் பெற்றால் ஆண்டு முழுவதும் செலவின்றிக் கண்காணிக்கலாம். கடன் பட்டியலோடு, எந்தெந்த நிறுவனங்கள் அறிக்கையைப் பார்வையிட்டன என்ற பகுதியையும் படிக்க வேண்டும். அறியாத நிறுவனத்தின் பெயர் அங்கே இருந்தால், யாரோ கடனுக்கு முயன்றிருக்கலாம்.

சஞ்சார் சாத்தி தளத்தில், ஒருவரது பெயரில் உள்ள கைப்பேசி இணைப்புகள் அனைத்தையும் பார்க்க முடியும். தமதல்லாத எண்ணை அங்கேயே புகாரளித்துத் துண்டிக்கக் கோரலாம்.

மோசடி நேர்ந்தால்

பணம் போயிருந்தால் முதலில் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம். வங்கியிடமும் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். வங்கி மீதோ வாடிக்கையாளர் மீதோ தவறில்லாத மோசடியில், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் புகாரளித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை என 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை கூறுகிறது. ஓடிபியைத் தாமே பகிர்ந்தவருக்கு இச்சலுகை பொருந்தாது. புகாரளிக்கும் வரையிலான இழப்பு அவரையே சேரும்.

போலிக் கடன் எனில், காவல்துறைப் புகாரின் நகலை இணைத்து, கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் கடன் தகவல் நிறுவனத்துக்கும் எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். 30 நாட்களுக்குள் புகாருக்குத் தீர்வு காணப்படாவிட்டால், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு கோரலாம்.