தமிழ்த் தொடர்கொலைப் படங்கள்: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மதிப்பீடு

ஒரே கொலையாளி இளம்பெண்களையோ மாணவர்களையோ ஒருவர்பின் ஒருவராகக் கொன்றுவருவதையும், கடைசியாக அவன் கண்ணில் படும் பெண் தப்பப் போராடுவதையும் கதையாகக் கொண்ட திகில் படங்களே தொடர்கொலைப் படங்கள். அமெரிக்காவில் இவ்வகை இலக்கமிட்ட பாகங்களாகப் பெருகியது. தமிழில் பாகங்கள் இல்லை, வழிமுறை உண்டு. பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978), பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’ (1980), மணிவண்ணனின் ‘நூறாவது நாள்’ (1984), ஜேடி–ஜெரியின் ‘விசில்’ (2003), ராம்குமாரின் ‘ராட்சசன்’ (2018) என நாற்பது ஆண்டுகள் நீளும் வரிசை இது. இவற்றில் எது இன்றும் நிற்கிறது என்று கணிக்கப் பயத்தின் அளவு உதவாது. எந்தத் திடுக்கிடலும் இரண்டாம் முறை பார்க்கையில் பாதியாகிவிடும். அந்தப் பெண் ஏன் கொல்லப்பட்டாள் என்ற கேள்விக்குப் படம் என்ன பதில் சொல்கிறது என்பதே அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

இந்தக் கேள்விக்கு ஒரே வாரத்தில் இரண்டு நாடுகளில் இரண்டு பதில்கள் வந்தன. ஜோன் கார்பென்டரின் ‘ஹாலோவீன்’ அமெரிக்காவில் 1978 ஒக்டோபர் 25இல் திரைக்கு வந்தது. ‘சிகப்பு ரோஜாக்கள்’ ஒக்டோபர் 28இல் வந்தது. ஆறு வயதில் தன் அக்காவைக் கொன்ற மைக்கேல் மையர்ஸ் ஏன் கொல்கிறான் என்று கார்பென்டர் சொல்லவேயில்லை. 1981இல் வந்த இரண்டாம் பாகம், தப்பிப் பிழைத்த பெண் அவனுடைய தங்கைதான் என்று காரணம் கண்டுபிடித்தது. அதன் பிறகு வந்த பல பாகங்கள் அந்த உறவுமுறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றிக் களைத்தன. 2018இல் தொடரை மீட்க வந்தவர்கள் முதலில் தூக்கியெறிந்தது இந்தத் தங்கைக் கதையைத்தான். பாரதிராஜாவோ முதற்படத்திலேயே காரணத்தை விரிவாகச் சொன்னார். அநாதைச் சிறுவனிடம் ஒரு வீட்டுப் பெண் தவறாக நடந்துவிட்டுப் பழியை அவன்மீதே போடுகிறாள்; பிறகு அவனை எடுத்து வளர்ப்பவரின் மனைவியும் கணவனுக்குத் துரோகம் செய்கிறாள். ஆகவே வளர்ந்த திலீப் பெண்களைக் கொன்று தோட்டத்தில் புதைக்கிறான், அங்கே ரோஜா பூக்கிறது. கமல்ஹாசனின் நடிப்பும் பி. எஸ். நிவாஸின் ஒளிப்பதிவும் இளையராஜாவின் இசையும் இன்றைக்கும் சோடை போகவில்லை. பழசாகிப் போனது அந்த முன்கதை. அதில் பெண்கள் செய்த குற்றத்துக்கு முகமும் வசனமும் நேரமும் கிடைக்கின்றன. கொல்லப்படும் பெண்களுக்கு ஒரு தாயோ தங்கையோ தேடி அழுவதற்குக்கூட இல்லை. படம் உயிர்த்தெழுவது சாரதாவின் கண்ணால் பார்க்கத் தொடங்கும்போதுதான். துணிக்கடையில் வேலைசெய்த பெண், மணமுடித்து வந்த மாளிகையில் பூட்டிய அறையைத் திறந்து படிப்படியாக உண்மையை அறிகிறாள். சாரதாவாக நடித்த ஸ்ரீதேவியின் அச்சம் நம்முடையதாகும் அந்தப் பகுதியை இன்று முதன்முறை பார்ப்பவரும் அசையாமல் பார்ப்பார்.

மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா இதைவிட நுட்பமானவர். அதனாலேயே ‘மூடுபனி’யின் கோளாறு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. பிரதாப் போத்தன் நடித்த சந்துருவின் தந்தை குடிகாரர், மனைவியை வதைத்தவர். குற்றவாளி அவர்தான். ஆனால் மகனின் கையால் சாவது விலைமாதர். இந்த முரண்பாட்டைப் படம் அறிந்தே வைத்திருந்தால் அது பெரும் படைப்பாகியிருக்கும். அது சந்துருவுக்காக இரங்குவதோடு நின்றுவிடுகிறது. ஊட்டி வீட்டின் அமைதி, இயற்கை வெளிச்சம், படம் வருவதற்குச் சில மாதங்கள் முன்னரே மறைந்துவிட்ட நாயகி ஷோபாவின் இயல்பான முகம் ஆகியவற்றுக்காக அதை இன்றும் பார்க்கலாம். ‘நூறாவது நாள்’ இத்தாலியரான லூசியோ ஃபுல்சியின் 1977ஆம் ஆண்டுப் படத்திலிருந்து கதைப்பின்னலை எடுத்துக்கொண்டது. சத்யராஜின் மொட்டைத் தலையையும் வட்டக் கண்ணாடியையும் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனினும் கெடாமல் இருப்பது, நடக்கப்போவதை முன்கூட்டியே கண்டு தனியே தவிக்கும் நளினியின் பாத்திரம். கல்லூரி வளாகத்தில் நடக்கும் ‘விசில்’ 1998இல் வந்த ‘அர்பன் லெஜண்ட்’ படத்தின் தழுவல். அதைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை.

அந்தக் காலத்துப் படத்தை இந்தக் காலத்து நியாயத்தால் அளக்கலாமா என்று கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் அந்தக் காலமே வேறு பதிலும் வைத்திருந்தது. ‘சிகப்பு ரோஜாக்க’ளுக்கு ஓராண்டு முன்னர், 1977இல், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் கற்பித்துக்கொண்டிருந்த தர்மசேன பத்திராஜ, காவலூர் இராசதுரையின் எழுத்தில் ‘பொன்மணி’யை எடுத்தார். அது திகில் படமல்ல. சீதனம் இல்லாமல் அக்கா காத்திருக்கும் வீட்டில் தங்கை சாதியை மீறிக் காதலித்து வெளியேறுகிறாள், கொல்லப்படுகிறாள். அவள் ஏன் கொல்லப்பட்டாள் என்றால், படம் ஒரு முழு ஊரையே கைகாட்டுகிறது. படமாளிகைகளில் அது ஓடவில்லை என்பது உண்மை. ஆயினும் இலங்கைத் தமிழ்ச் சினிமா பற்றிப் பேசும் எவரும் அதைத் தாண்டிப் போவதில்லை. தொடர்கொலைப் படங்களுக்கு அன்று எட்டாததாக இருந்தது தொழில்நுட்பமல்ல, இந்தப் பார்வை.

இன்னொரு மறுப்பு: கொலைக்குக் காரணம் காட்டுவது கொலையை நியாயப்படுத்துவதாகாது. தர்க்கப்படி சரி. திரையில் விஷயம் வேறு. ஒருவனுடைய சிறுவயதை நாம் பார்த்துவிட்டோம், அவன் கொன்றவர்களின் சிறுவயதைப் பார்க்கவில்லை. மனம் பார்த்தவன் பக்கமே சாயும். இந்தச் சாய்வை யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பார்வையாளர் மற்றவர்களைவிடக் கூர்மையாக உணர்வார் என்று கருத இடமுண்டு. 1983க்குப் பின் போர்க்கால ஊரடங்கு இரவுக் காட்சிகளை விழுங்கியது. 1990இல் மின்சாரமும் நின்றது. ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேட்டர் ஓடும் முற்றத்தில் விடியவிடியப் படம் பார்த்த சனம், வெளியே உண்மையான சாவு நடந்துகொண்டிருந்த காலத்தில் பார்த்தது. செத்தவருக்கு ஒரு பெயரும் வீடும் உண்டென்று அந்தச் சனத்துக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை.

‘ராட்சச’னை இந்த இடத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். 2015 மே மாதம் புங்குடுதீவில் பாடசாலை மாணவி ஒருவர் வன்புணர்ந்து கொல்லப்பட்டார். வடக்கெங்கும் கடைகள் பூட்டப்பட்டன, மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள். 2017 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தில் மூன்று நீதிபதிகள் அமர்ந்த தீர்ப்பாயம் 7 பேருக்கு மரண தண்டனை விதித்தது. சிறுவயதுக் காயம் ஆறாத தனியொரு மனநோயாளி அந்த வழக்கில் இல்லை. மறுஆண்டு வெளியான ‘ராட்சச’னில் பாடசாலை மாணவிகளைக் கொல்பவன், விரைவில் முதுமை தோன்றும் நோயுள்ளவன், ஒரு மாணவி மறுத்து அவமதித்ததால் கொலைகாரன் ஆனவன். அதாவது 1978இன் பதில் நாற்பது ஆண்டு கழித்தும் மாறவில்லை. நோயாளியின் உடலையே அரக்கனாக்கும் கொடுமை மட்டும் கூடியிருக்கிறது. ஜிப்ரானின் இசையோடு விறுவிறுவென்று ஓடும் படம் முதல்முறை இதை மறைத்துவிடும், இரண்டாம் முறை மறைக்க முடியாது. ஆனால் அதே படத்துக்குள் வேறொரு கிளைக்கதை இருக்கிறது. மாணவிகளை மிரட்டித் துன்புறுத்தும் ஆசிரியர் இன்பராஜ், எல்லோரும் மதிக்கும் சாதாரண மனிதர். பாதிக்கப்பட்ட பிள்ளைகள் வீட்டில் வாய் திறக்க முடியாமல் ஒடுங்குகிறார்கள். அங்கே முன்கதையும் இல்லை, முகமூடியும் இல்லை. பிரதான கொலையாளியின் முகம் வெளிப்படும் இடத்தைவிட, வகுப்பறைக் கதவு சாத்தப்படும் அந்த இடங்களே மறுபடி பார்க்கும்போதும் தாங்கமுடியாதவையாக இருக்கின்றன.