உட்கூரை வடமிழுப்புக் கருவிகள்

உட்கூரை வடமிழுப்புக் கருவிகள் என்பன, கட்டிடங்களின் உட்கூரைக்கு மேலே கையும் கண்ணும் எட்டாத இடைவெளிகளினூடாக வடங்களைக் கொண்டுசெல்லப் பயன்படும் கருவிகள் ஆகும். மின்வடங்கள், தொலைபேசி வடங்கள், கணினி வலையமைப்பு வடங்கள், கண்காணிப்புக் காமெரா வடங்கள் ஆகியவை இவ்வாறு கொண்டுசெல்லப்படுகின்றன. பேச்சு வழக்கில் வடம் என்பது கேபிள் என்றே அழைக்கப்படுகிறது. உட்கூரையையோ சுவரையோ உடைக்காமல், ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள கட்டிடத்தில் புதிய வடங்களை அமைப்பதே இக்கருவிகளின் முதன்மை நோக்கம்.

இவற்றுள் பரவலாக அறியப்பட்டது உருக்கினாலான இழுப்பு நாடா. இது ஆங்கிலத்தில் ஃபிஷ் டேப் எனப்படும். மீன்பிடித்தலைக் குறிக்கும் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் துழாவி ஒன்றை வெளியே எடுத்தல் என்ற பொருளும் உண்டு. தமிழ்நாட்டு மின்பணியாளரிடையே ஸ்பிரிங் என்ற பெயரும் வழங்குகிறது.

அடிப்படைக் கொள்கை

வடம் நெகிழ்வானது. தள்ளினால் மடங்கும், இழுத்தால் மட்டுமே நேராகச் செல்லும். ஆனால் ஒன்றை இழுப்பதற்கு அதன் முனை முன்னதாகவே மறுபக்கத்தில் இருக்கவேண்டும். இச்சிக்கலைத் தீர்ப்பதற்காக வேலை இரண்டு கட்டங்களாகச் செய்யப்படுகிறது. முதலில், தள்ளக்கூடிய விறைப்பு உள்ள ஒரு பொருளோ எறியக்கூடிய ஒரு பொருளோ மறுபக்கத்துக்கு அனுப்பப்படுகிறது. பின்னர் அதனுடன் கட்டப்பட்ட நூல் இழுக்கப்படுகிறது. நூலின் பின்னே கயிறும், கயிற்றின் பின்னே வடமும் வருகின்றன. எனவே, முதல் நூலை மறுமுனைக்குக் கொண்டுசேர்ப்பதே இப்பணியின் கடினமான பகுதியாகும். கீழே விவரிக்கப்படும் கருவிகளுட் பெரும்பாலானவை இந்த ஒரு தேவைக்காகவே உருவானவை.

இக்கொள்கை மிகப் பழையது. கிரேக்கத் தொன்மத்தில், டெடாலசு என்னும் கைவினைஞன் சுருள்வடிவச் சங்கு ஒன்றினூடாக நூலைக் கோப்பதற்கு, ஓர் எறும்பின் உடலில் நூலைக் கட்டி உள்ளே விட்டதாகக் கூறப்படுகிறது.

கூரை இடைவெளிகளின் வகைகள்

எந்தக் கருவி பொருத்தமானது என்பது, கூரை எவ்வாறு கட்டப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்தது.

தொங்கு உட்கூரை: அலுவலகங்கள், கடைகள், மருத்துவமனைகள் போன்றவற்றில் காணப்படுவது. இது பொய்க்கூரை என்றும் அழைக்கப்படுகிறது. மேல்தளத்திலிருந்து கம்பிகளால் தொங்கவிடப்பட்ட உலோகச் சட்டங்களில் இலேசான பலகைகள் வைக்கப்பட்டிருக்கும். முற்கால அமைப்புகளில் பலகைகள் ஒன்றோடொன்று பிணைந்திருந்தமையால், நடுவிலுள்ள ஒன்றைத் தனியே எடுப்பது எளிதாக இருக்கவில்லை. எந்தப் பலகையையும் தூக்கி எடுக்கக்கூடிய அமைப்பு ஒன்றுக்கு, ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த டொனால்ட் ஏ. பிரவுன் 1958 இல் விண்ணப்பித்து 1961 இல் காப்புரிமை பெற்றார். இத்தகைய உட்கூரைகளுக்கு மேலே திறந்த வெளி இருப்பதால், கோல்களும் எறிகருவிகளும் நன்கு பயன்படுகின்றன.

மரச்சட்டக் கூரை: வட அமெரிக்க வீடுகளில் பெருமளவு காணப்படுவது. மர உத்திரங்கள் பொதுவாக 16 அங்குல (ஏறத்தாழ 40 சென்டிமீட்டர்) இடைவெளியில் அமைந்திருக்கும். அவற்றின் அடிப்பக்கத்தில் சாந்துப்பலகை ஆணியடிக்கப்பட்டிருக்கும். உத்திரங்களின் திசையில் வடத்தைக் கொண்டுசெல்வது எளிது; குறுக்காகக் கொண்டுசெல்ல ஒவ்வோர் உத்திரத்திலும் துளையிடவேண்டும். வெப்பக்காப்புப் பஞ்சு இடைவெளியை நிரப்பியிருப்பது மற்றொரு தடையாகும்.

காங்கிரீட் தளம்: இந்தியாவில் பெரும்பாலான நகர்ப்புற வீடுகளின் கூரை இவ்வகையைச் சேர்ந்தது. காங்கிரீட் இடுவதற்கு முன்னரே பி.வி.சி. குழாய்களும், மின்விசிறி, விளக்கு ஆகியவற்றுக்கான பெட்டிகளும் கம்பிக் கட்டுக்கிடையே வைக்கப்படுகின்றன. பின்னர் குழாய்களினூடாக மட்டுமே கம்பிகளை இழுக்க முடியும். குழாய் நசுங்கினாலோ, இணைப்புகளினூடாகக் காங்கிரீட் குழம்பு உட்புகுந்து இறுகினாலோ அப்பாதை அடைபட்டுவிடும்.

கருவிகள்

இழுப்பு நாடா: ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அகலமும் 1.5 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்ட வில்லுருக்கு நாடா, கைப்பிடியுள்ள வட்டக் கூட்டினுள் சுற்றி வைக்கப்பட்டிருக்கும். முனையில் கொக்கி அல்லது கண் இருக்கும். 15 மீட்டர் முதல் 70 மீட்டர் வரையான நீளங்களில் கிடைக்கிறது. குழாய்களுக்குள் செலுத்த இது மிகவும் ஏற்றது. குழாயின் சுவரே நாடாவுக்கு வழிகாட்டுகிறது. திறந்த வெளியில் சுருண்டு திசை மாறிவிடுவது இதன் குறையாகும். உருக்கு மின்சாரத்தைக் கடத்துவதால், கண்ணாடியிழையாலும் நைலானாலும் ஆன நாடாக்களும் செய்யப்படுகின்றன.

கண்ணாடியிழைக் கோல்கள்: ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் விட்டமும், 1 முதல் 2 மீட்டர் வரை நீளமும் உள்ள கோல்கள். இவற்றை ஒன்றோடொன்று திருகி வேண்டிய நீளத்துக்கு இணைக்கலாம். முனையில் கொக்கி, வளையம், காந்தம், சிறு விளக்கு முதலியவற்றைப் பொருத்தலாம். இருளில் ஒளிரும் கோல்களும் உள்ளன. இவை முதலில் விளக்கொளியில் சிறிது நேரம் காட்டப்பட்டு, பின்னர் உள்ளே செலுத்தப்படுகின்றன.

நீள்கோல்: தூண்டிற்கோலைப் போல ஒன்றினுள் ஒன்று அடங்கும் குழாய்களால் ஆனது. முழுமையாக நீட்டும்போது 5 மீட்டருக்கும் மேற்பட்ட நீளத்தை அடையக்கூடியது. தொங்கு உட்கூரையில் இரண்டு பலகைகளை மட்டும் அகற்றி, இடையிலுள்ள பலகைகளைத் தொடாமல் வடத்தைக் கொண்டுசெல்ல உதவுகிறது.

எறிகருவிகள்: தடையற்ற நீண்ட வெளிகளில், நூல் கட்டிய பந்தையோ சிறு எடையையோ எறிவது எளிய வழி. இதே நோக்கத்துக்காகக் கவண் போன்ற அமைப்புடைய கருவிகளும், காற்றழுத்தத்தால் நூலுடன் கூடிய அம்பைச் செலுத்தும் கருவிகளும் விற்கப்படுகின்றன.

காந்தமும் சங்கிலியும்: கூரையிலிருந்து சுவரின் உட்புறமாக வடத்தை இறக்கும்போது பயன்படுபவை. மணிச்சங்கிலி மேலிருந்து தன் எடையால் இறங்கும். கீழே சுவிட்சுப் பெட்டிக்காக வெட்டப்பட்ட துளை வழியாக நியோடிமியக் காந்தத்தை நுழைத்து அச்சங்கிலி பிடிக்கப்படும்.

நெகிழ் துளையூசி: 1.4 முதல் 1.8 மீட்டர் வரை நீளமுள்ள, வளையக்கூடிய துளையிடும் ஊசி. சிறு துளை வழியாக உள்ளே நுழைத்து மரச்சட்டத்தைத் துளைக்கலாம். இதன் அலகில் ஒரு கண் இருக்கும். துளைத்து முடிந்தபின் அக்கண்ணில் வடத்தைக் கட்டி, ஊசியை வெளியே எடுக்கும்போது வடமும் உடன் வந்துவிடும்.

காற்றால் செலுத்துதல்: குழாய்களில் மட்டும் பயன்படுவது. குழாயின் விட்டத்துக்கு ஏற்ற பஞ்சு உருளையில் நூலைக் கட்டி, ஒரு முனையிலிருந்து காற்றை ஊதியோ மறுமுனையிலிருந்து உறிஞ்சியோ நூல் கொண்டுசெல்லப்படுகிறது.

குழாய்க் காமெரா: நீண்ட நெகிழ்வான தண்டின் முனையில் பொருத்தப்பட்ட சிறு காமெரா. வடத்தை இழுப்பதற்கன்றி, பாதையில் உள்ள தடைகளை முன்கூட்டியே அறிவதற்கு உதவுகிறது.

விலங்குகளின் பயன்பாடு

குழாய்களில் நூலைக் கொண்டுசெல்லப் பயிற்றப்பட்ட விலங்குகள் பயன்படுத்தப்பட்டதும் உண்டு. கீரியை ஒத்த நீண்ட உடலமைப்புக் கொண்ட ஃபெரெட் என்னும் வளர்ப்பு விலங்கு, இயல்பாகவே வளைகளுக்குள் நுழையும் பழக்கமுடையது. 1971 இல், பின்னர் ஃபெர்மிலாப் எனப் பெயர் மாற்றப்பட்ட ஐக்கிய அமெரிக்க ஆய்வுகூடத்தில், துகள்முடுக்கிக்கான வெற்றிடக் குழாய்களில் உலோகத் துகள்கள் தங்கியிருந்தன. ஃபெலீசியா என்ற ஃபெரெட், உடலில் கட்டிய நூலுடன் குழாய்களினூடாக ஓடி மறுமுனையை அடைந்தது. அந்நூலைக் கொண்டு துப்புரவுத் துணி இழுக்கப்பட்டுக் குழாய்கள் தூய்மையாக்கப்பட்டன. பின்னர் இதற்கென ஓர் இயந்திர அமைப்பு உருவாக்கப்பட்டு ஃபெலீசியாவுக்கு ஓய்வு கிடைத்தது.

வளைவும் இழுவிசையும்

இழுக்கும் வேலையில் தூரத்தைவிட வளைவுகளே பெரிய தடையாகும். வளைவு ஒன்றைக் கடக்கும்போது இழுவிசை கூடுவதில்லை, பெருகுகிறது. உராய்வுக் கெழு 0.5 எனக் கொண்டால், ஒரு செங்கோண வளைவு இழுவிசையை ஏறத்தாழ 2.2 மடங்காக்கும். நான்கு செங்கோண வளைவுகள் இருப்பின் அது ஏறத்தாழ 23 மடங்காகிவிடும். ஐக்கிய அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பு, குழாய்ப் பாதையில் இரு பெட்டிகளுக்கிடையே உள்ள வளைவுகளின் கூட்டுத்தொகை 360 பாகையை விஞ்சக்கூடாது என்கிறது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கம்பிகள் செல்லும் குழாயின் குறுக்குவெட்டில் 40 விழுக்காட்டுக்கு மேல் நிரப்பக்கூடாது என்பதும் அதன் விதியாகும். உராய்வைக் குறைக்க, வடத்தின் உறையைப் பாதிக்காத வழுக்குக் களிம்பு பூசப்படுகிறது.

கணினி வலையமைப்புகளில் பயன்படும் நான்கு இணை முறுக்கு வடங்கள் எளிதில் பாதிக்கப்படக்கூடியவை. இவற்றை 110 நியூட்டனுக்கு மேற்பட்ட விசையுடன் இழுக்கக்கூடாது. இது ஏறத்தாழ 11 கிலோகிராம் எடைக்குச் சமம். வடத்தின் விட்டத்தைப் போல் நான்கு மடங்குக்குக் குறைந்த ஆரத்தில் வளைக்கவும் கூடாது. மிகையாக இழுத்தால் உள்ளே உள்ள இணைகளின் முறுக்கு நெகிழ்ந்து, வெளித்தோற்றத்தில் குறையின்றியே தரவு வேகம் குறையக்கூடும்.

பாதுகாப்பு

உட்கூரைக்கு மேலே உள்ளவை கண்ணுக்குத் தெரியாதவை என்பதால், இப்பணியில் விபத்துக்கான வாய்ப்பு மிகுதி.

மின்னதிர்ச்சி: மின்னோட்டம் உள்ள கம்பிகள் செல்லும் குழாயில் உருக்கு நாடாவைச் செலுத்துவது உயிராபத்தானது. நாடாவின் முனை மறுபக்கத்தில் திறந்த பெட்டியில் உள்ள இணைப்புகளைத் தொடக்கூடும். மின்னிணைப்பைத் துண்டித்து, மின்னோட்டம் இல்லை என்பதைச் சோதித்தறிந்த பின்னரே வேலை தொடங்கவேண்டும்.

விழுதல்: தொங்கு உட்கூரைப் பலகைகளும் சாந்துப்பலகையும் மனிதரின் எடையைத் தாங்கா. மரச்சட்டக் கூரைகளில் உத்திரங்களின் மீதோ, அவற்றின் குறுக்கே இடப்பட்ட உறுதியான பலகையின் மீதோ மட்டுமே காலூன்றலாம்.

கல்நார்: பழைய கட்டிடங்களின் கூரைகளில் கல்நார் கலந்த பூச்சுகளும் பலகைகளும் இருக்கலாம். இதன் தூசு நுரையீரல் நோய்களையும் புற்றுநோயையும் உண்டாக்கும். ஐக்கிய இராச்சியத்தில் கல்நார்ப் பயன்பாடு 1999 இல் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. எனினும் அதற்கு முன் கட்டப்பட்டவற்றில் அது எஞ்சியுள்ளது. ஐயமிருப்பின், சோதனை செய்யாமல் துளையிடவோ கோலால் துழாவவோ கூடாது.

தீ: தீத்தடுப்புச் சுவரில் வடத்துக்காக இடப்படும் துளை, தீயும் புகையும் பரவும் வழியாகவும் அமையும். எனவே வேலை முடிந்தபின் அதனைத் தீத்தடுப்புப் பொருளால் அடைப்பது கட்டாயமாகும். 1975 மார்ச் 22 ஆம் நாள், அலபாமா மாநிலத்தின் பிரவுன்சு ஃபெரி அணுமின் நிலையத்தில், வடங்கள் செல்லும் சுவர்த்துளையில் காற்றுக் கசிவு உள்ளதா என மெழுகுவர்த்திச் சுடரைக் கொண்டு பார்த்தபோது, துளையை அடைத்திருந்த பாலியூரித்தேன் நுரை தீப்பற்றியது. இத்தீயில் 1,600 க்கும் மேற்பட்ட வடங்கள் சேதமுற்றன. உட்கூரை இடைவெளி காற்றோட்டப் பாதையாகவும் பயன்படும் கட்டிடங்களில், எரியும்போது குறைந்த புகையை வெளியிடும் சிறப்பு வடங்களையே பயன்படுத்தவேண்டும் என ஐக்கிய அமெரிக்க விதிகள் வலியுறுத்துகின்றன.

வடத்தை உட்கூரைப் பலகைகளின் மீது கிடத்துவதும், உட்கூரையைத் தாங்கும் கம்பிகளில் கட்டுவதும் தவறான முறைகளாகும். 1.2 முதல் 1.5 மீட்டர் இடைவெளியில் தனிக் கொக்கிகள் அமைத்து அவற்றில் தாங்கச் செய்யவேண்டும்.

நூலை விட்டுவைத்தல்

வடத்தை இழுக்கும்போது அதனுடன் மற்றொரு நூலையும் சேர்த்து இழுத்து, அதனைப் பாதையிலேயே விட்டுவைப்பது நல்ல வழக்கமாகக் கருதப்படுகிறது. அடுத்த முறை வடம் சேர்க்க வருபவருக்கு மேற்கூறிய கருவிகளுட் பெரும்பாலானவை தேவைப்படா. இந்தியாவில் அரசுக் கட்டிடப் பணிகளுக்கான விவரக்குறிப்புகளிலும், பதிக்கும் குழாய்களுக்குள் துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பியை முன்கூட்டியே இட்டுவைக்கும் முறை இடம்பெற்றுள்ளது. இக்கம்பி 1.2 முதல் 1.6 மில்லிமீட்டர் வரை விட்டமுடையது. கட்டும்போது சில நிமிடங்களில் இடக்கூடிய இக்கம்பி இல்லாவிடின், அடைபட்ட ஒரு குழாய்க்காகப் பின்னர் சுவரையோ தளத்தையோ கொத்தவேண்டிய நிலை ஏற்படலாம்.

இவற்றையும் பார்க்க

மின்கம்பியமைப்பு
தொங்கு உட்கூரை
முறுக்கு இணை வடம்
கல்நார்