கடைசி பஸ்



யாழ்ப்பாணத்து மன்னர்களின் வரலாற்றை நாம் விரும்பிப் படிக்கிறோம். கோயில்களின் தலவரலாறுகளையும் பேணி வைத்திருக்கிறோம். நகரையும் கிராமத்தையும் நாள்தோறும் இணைத்த பஸ் வண்டிக்கும் ஒரு வரலாறு உண்டென எண்ணிப் பார்ப்பவர் சிலரே. தமிழாசிரியனாகிய நான் அதனை இன்று எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அது நமது கல்வியின் வரலாறாகவும் இருப்பதே.

1958க்கு முன்னர் இலங்கையில் பஸ் சேவை தனியார் கம்பனிகளின் கையில் இருந்தது. சனம் நிறைந்த வீதிகளில் வண்டிகள் ஒன்றையொன்று முந்தி ஓடின; வருவாய் குறைந்த கிராமங்களோ பின்தள்ளப்பட்டன. எமது பகுதியில் அக்குறையை ஓரளவு நிரப்பியது தட்டிவான். மரத்தாலான உடலும், பின்புறத்தில் சங்கிலி தாங்கிய தட்டியும் கொண்ட அவ்வண்டியில் வாழைக்குலையும் மரக்கறிக் கடகமும் மனிதரும் ஒன்றாகவே சந்தைக்குப் போயினர்.

1958 ஜனவரி 1ஆம் திகதி, பண்டாரநாயக்க அரசாங்கம் பஸ் கம்பனிகளைத் தேசியமயமாக்கி இலங்கைப் போக்குவரத்துச் சபையை நிறுவியது. அப்போது போக்குவரத்து அமைச்சராயிருந்தவர் மைத்திரிபால சேனநாயக்க. பிரதான வீதியில் உழைக்கும் வண்டி, நட்டத்தில் ஓடும் கிராமத்து வண்டியையும் தாங்க வேண்டும் என்பதே பொதுச்சேவையின் உட்பொருள்.

ஆயினும், அதே ஆண்டில் வடக்கே வந்த புதிய வண்டிகளின் இலக்கத் தகடுகளில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து இருந்தது. தமிழரசுக் கட்சியினர் எதிர்ப்பில் இறங்கி அவ்வெழுத்தை அழித்தனர். தெற்கிலே தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசப்பட்டது. ஏப்ரலில் பண்டா - செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதத்தில் கலவரம் மூண்டது. எல்லோர்க்கும் பொதுவென வந்த வண்டி, ஓர் எழுத்தினாலே ஒருசாராருக்கு அந்நியமாயிற்று. மொழி கற்பிப்பவன் என்ற வகையில் இதனை நான் மறத்தற்கியலாது.

பின்னர் 1978இல் சபை பிராந்திய சபைகளாகப் பிரிக்கப்பட்டது. 1979இல் தனியார் பஸ்கள் மீண்டும் வீதிக்கு வந்தன. போர் எல்லாவற்றையும் குலைத்தது. எரிபொருள் தடை நிலவிய 1990களில், மண்ணெண்ணெயில் புகை கக்கி ஓடிய வண்டிகளை என் பள்ளிப் பருவத்தில் கண்டிருக்கிறேன். அன்று சைக்கிளே பலருக்குப் பஸ். 2002இல் ஏ-9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்டில் மூடப்பட்டு, 2009இல் மீண்டும் திறந்தது. இதற்கிடையே 2005ஆம் ஆண்டின் சட்டத்தால் இலங்கைப் போக்குவரத்துச் சபை மறுபடி உருவாயிற்று.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? இலாபம் தரும் வீதிக்கு எவரும் வண்டி விடுவர். குறிகட்டுவான் இறங்குதுறைக்கும் மருதங்கேணிக்கும் வண்டி போவதற்குப் பொதுநோக்கு வேண்டும். என் வகுப்பில் பின்வரிசையில் இருக்கும் கிராமத்துப் பிள்ளை, மாலை வகுப்பு முடியுமுன்னரே புத்தகத்தை மூடுகின்றது. படிப்பில் அக்கறையின்மை அதற்குக் காரணமன்று. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் வீடு போய்ச்சேர வழியில்லை. அந்த பஸ் ஒரு மணித்தியாலம் பிந்திப் புறப்பட்டால், அப்பிள்ளைக்கு ஒரு பாடம் கூடுதலாகக் கிடைக்கும். அது நிறுத்தப்பட்டாலோ, படிப்பே நின்றுவிடவும் கூடும்.

உயர்தர வகுப்பு இல்லாத ஊருக்கு, நகருக்கு வரும் பஸ்ஸே உயர்தர வகுப்பு. அதன் நட்டத்தைக் கணக்கிடுவோர் இந்த வரவையும் ஏட்டில் எழுதுதல் வேண்டும்.