இணையப் படைப்பாளிகளின் அரசியல் செல்வாக்கு

யூடியூப், முகநூல் போன்ற தளங்களில் புகழ்பெற்றவர்கள் தம் ரசிகர்களின் அரசியல் கருத்தை அசைக்கும் திறன். பாட்டும் பேச்சும் ஆள்திரட்டுவது காவிரிப் படுகைக்குப் பழைய அனுபவம். 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் நடந்த உப்புச் சத்தியாக்கிரகிகளுக்கு நாமக்கல் கவிஞர் வழிநடைப் பாட்டு எழுதினார். ஆனால் பாட்டு மட்டும் போதவில்லை. அவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் எச்சரித்தபோது, ஊர்மக்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டிவைத்தனர். வேதாரண்யத்துக்குப் பக்கத்திலுள்ள அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளப்பட்டது.

இணையக் காலத்தில் தெளிவான சான்று, ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்து 2017இல் நடந்த போராட்டம். ஹிப்ஹாப் தமிழா ஆதியின் 'டக்கரு டக்கரு' பாடல் ஓராண்டு முன்பே யூடியூபில் வெளியாகி, மாடு பிடித்தே பார்க்காத நகர இளைஞர்களிடமும் இந்தப் பிரச்சினையைக் கொண்டுசேர்த்தது. ஜனவரி 17 முதல் சென்னை மெரினா கடற்கரை நிறைந்தது; இரவில் ஆயிரக்கணக்கான செல்போன் விளக்குகள் எரிந்தன. 21ஆம் தேதி ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் அவசரச் சட்டம் வந்தது. மறுநாள் ஆதி போராட்டத்திலிருந்து விலகுவதாகக் காணொளி வெளியிட்டார். கூட்டம் கலையவில்லை. நிரந்தரச் சட்டம் கேட்டு உட்கார்ந்திருந்தவர்களை 23ஆம் தேதி காலை போலீசார்தான் அப்புறப்படுத்தினர். விலகிய ஆதியை ரசிகர்கள் பலர் கடுமையாக விமர்சித்தனர்.

படைப்பாளியால் அக்கறையை மூட்டிவிட முடியும். மூண்டபின் அதை அவர் சொற்படி திருப்புவது அரிது. அடுத்த மாதம் புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து எழுந்த போராட்டத்துக்கும் இணைய ஆதரவு பெருகியது. ஆனால் அங்கே பந்தலில் முன்வரிசையில் இருந்தவர்கள் நிலத்துக்காரர்கள்.