சேர்ப்பதா, மாற்றுவதா?

இரண்டு குடித்தனங்கள் ஒன்றாகும்போது வீட்டில் இரண்டு அம்மிகள் வந்து சேரும். இரண்டையும் வைத்துக்கொள்வதா, ஒன்றைக் கொடுத்துவிடுவதா? இந்தச் சங்கடம் கம்ப்யூட்டருக்கும் வந்திருக்கிறது. அந்தச் சரித்திரம் சின்னதுதான். ஆனால் எனக்கு அதில் மிகுந்த ருசி.

கம்ப்யூட்டர் தன் விவரங்களைப் பெட்டிகளில் போட்டு வைக்கிறது. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்ச்சீட்டு. ஆழம் எவ்வளவு என்பது முன்கூட்டித் தெரியாது. இத்தகைய அடுக்குகளைக் கையாள வழி வகுத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கப் பேராசிரியர் ஜான் மெக்கார்த்தி. மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1958-ல் அவர் லிஸ்ப் என்ற மொழியை உருவாக்கத் தொடங்கினார். 1960-ல் அதைப் பற்றிய அவருடைய கட்டுரை வெளிவந்தது. உபாயம் எளிது. பெட்டியைத் திற, உள்ளே பொருள் இருந்தால் எடு, பெட்டி இருந்தால் அதற்கும் இதையே செய். அவ்வளவுதான்! எத்தனை ஆழத்துக்கும் போய்த் திரும்பிவிடலாம். அன்று பெயர்பெற்றிருந்த ஃபோர்ட்ரான் மொழியில், ஒரு வேலை தன்னைத் தானே இப்படி அழைத்துக்கொள்ள இடமில்லை.

திறக்க வழி கிடைத்துவிட்டது. ஒரே பெயருள்ள இரண்டு பெட்டிகளை ஒன்றாக்குவது எப்படி?

ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1994-ல் தம் சொந்த இணையப் பக்கத்துக்காக எழுதிக்கொண்ட சிறு கருவிகளிலிருந்து வளர்ந்தது பி.எச்.பி. மொழி. 2000-ல் வந்த அதன் 4.0.1 பதிப்பில், இரண்டு அடுக்குகளை அடிவரை சேர்க்கும் ஆணை ஒன்று இடம்பெற்றது. அது எதையும் எறியாது. ஒன்றில் நிறம் நீலம் என்றும் மற்றதில் பச்சை என்றும் இருந்தால், நிறத்தின் கீழ் இரண்டையும் வைத்துவிடும். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. பக்கத்துக்கு எந்த நிறம் என்பதுதான் தெரியாது!

பொதுவான ஏற்பாட்டின் மேல் தங்கள் விருப்பத்தை வைக்க நினைத்தவர்கள் திண்டாடினார்கள். பலர் அதற்கென்று சொந்தமாகவே எழுதி வைத்துக்கொண்டார்கள். ஒன்பது வருஷங்கள் கழித்து, 2009 ஜூனில் வந்த 5.3 பதிப்பில் மாற்றும் ஆணை வந்தது. பின்னது நிற்கும், முன்னது போய்விடும். பச்சை மட்டுமே மிஞ்சும்.

சிக்கல் தீர்ந்ததா? பெயர்ச்சீட்டுக்குப் பதில் வெறும் வரிசை எண் இருக்கிற பெட்டியைப் பாருங்கள். முன்னதில் தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு என்று மூன்று மொழிகள். பின்னதில் டேனிஷ் ஒன்றுதான். புதிய ஆணை தமிழை எடுத்துவிட்டு அங்கே டேனிஷை உட்கார்த்தும். மற்ற இரண்டும் அசையாது. பழைய ஆணையோ நான்கையும் வரிசையாக நிறுத்தும். ‘டேனிஷ் மட்டும் போதும்’ என்று ஒருவர் நினைத்திருந்தால் அது இரண்டுக்கும் எட்டாது. அதை மனிதர்தான் தனியே எழுதிச் சொல்ல வேண்டும்.

பழைய ஆணையை நம்பி எத்தனையோ பேர் எழுதி வைத்திருந்தார்கள். ஆகவே புதியது வந்தபோது பழையதை யாரும் நீக்கவில்லை. இரண்டும் இன்றும் அருகருகே இருக்கின்றன. மாற்றுவதற்கு வழி செய்தவர்களும், தங்கள் வீட்டில் சேர்த்துத்தான் வைத்துக்கொண்டார்கள்.